கிறிஸ்துமஸ் மரம் போகிறது

‘தப்பு என் மேலதான். வீட்டுக்கு வந்துடுங்க’ என்று போனில் தட்டிவிட்டு, அனுப்பாமல் வைத்திருந்தாள் ஆரோக்கியசெல்வி. ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஆட்கள் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமான வருஷம் அவள் கணவன் பிரவீன்குமார் வைத்த மரம். டிசம்பர் பிறந்ததும் போன ஞாயிறு நடந்த சண்டையில், அவன் அம்மாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டான். இன்றைக்கு மரத்தையும் இரண்டு இட்லிப்பூச் செடிகளையும் பெயர்த்து வர ஆள் அனுப்பியிருக்கிறான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு வாரமாகச் சமைப்பதும், பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துவதும் வேறு யாரோ செய்வது போலிருந்தது.

எப்பேர்ப்பட்ட மனுஷன்! ஜூன் மாதம் ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மரத்தைச் சுற்றிப் புதுமண் கிடந்தது. “எரு வெச்சேன்” என்றான். அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினான். மரத்தையே அப்படித் தாங்கியவனை வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டோமே, இந்த வாயைத் தைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

நர்சரிக்காரர் தாண்டவராயன் அடிமண் உதிராமல் வேரோடு சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ பெரிய மரம், பொழைக்குமாண்ணே?”

“திடுதிப்புனு பேத்தா பொழைக்காதும்மா. ஆறு மாசம் முன்னாடியே சுத்தி வேரை வெட்டி வுடணும். புதுவேரு வந்தப்புறந்தான் எடுக்கணும்.”

தன் ஒரு வார்த்தையால் மரமும் சாக வேண்டுமா? விரல் போனில் அனுப்பும் பொத்தானைத் தேடிப் போயிற்று.

“அப்ப இங்கயே விட்ருங்கண்ணே. போன வாரம் கோவத்துல எடுத்த முடிவு இது. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்.”

தாண்டவராயன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“நீங்க ஏம்மா பேஜார் பண்ணிக்கிறீங்க? சாரு ஜூன் மாசமே என்னை இட்டாந்து வேரை வெட்டிட்டாரு.”