காபியில் ஒன்றுமில்லை

"வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்?" என்றார் டாக்டர்.

"காதுல குரல் கேக்குறது நின்னுடுச்சு டாக்டர். ஆனா நான் காபியில எதையோ கலக்குறேன்னு ஒரே சந்தேகம்."

"அதுவும் இந்த நோயோட அறிகுறிதான். மாத்திரை போடுறாரா?"

"ஒரு வேளைகூடத் தப்பினதில்ல" என்றாள்.

டாக்டர் சீட்டில் வேளைக்கு ஒரு மாத்திரை என்பதை இரண்டாகக் கூட்டி எழுதினார்.

வீட்டில் காபியை நீட்டினாள். கணவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"நம்ம பொண்ணு மேல சத்தியம் பண்ணு. இதுல ஒண்ணுமில்லையே?"

"சத்தியமா ஒண்ணுமில்லைங்க."

மடமடவென்று குடித்தான். "அப்ப எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

அவள் டம்ளரைக் கழுவப் போனாள். ஆறு மாதமாக அவனுக்குத் தெரியாமல் பொடித்துப் போடும் மாத்திரை, அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.