ஏஜென்ட் சொன்ன கலை

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து. சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் பாதிப் பேரை அழைத்துவிட்டார், புதிதாக ஓய்வுபெற்ற யுகேந்திரன். வீடோ குப்பைக்காடு. அவர் கண்ணோ போனில்.

“அமுதா, என் ஏஐ ஏஜென்ட் தினமும் எதிர்பாராத ஒரு கலைத் திட்டம் கொடுக்குது! இன்னிக்கு ‘வெளிச்ச ஓவியம்’. ஜன்னல்ல சோப்பு நுரையால வரைஞ்சு, துடைச்செடுக்கணுமாம்!”

“வேற வேலையே இல்லையா உங்களுக்கு?” என்றாள் மனைவி அமுதவள்ளி.

“உனக்கு ரசனையே இல்ல லா!”

மறுநாள் ஸ்டோர் ரூமைக் காலிசெய்து, ‘வெறுமை’ என்று பெயர் வைத்தார். அதற்கடுத்த நாள் ஃபேன் இறக்கைகளில் ‘காற்றுச் சிற்பம்’. தூசி அடுத்த ஊரான கிளாங் வரைக்கும் பறந்தது.

சனிக்கிழமை எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு ருக்கையா வாயைப் பிளந்தாள்.

“அக்கா, வீடு இப்படி மின்னுதே! துடைப்பத்தையே தொடாத அண்ணனை எப்படி மடக்கினீங்க?”

அமுதவள்ளி குரலைத் தாழ்த்தினாள். “அவருக்கு அந்த ஏஜென்டை அமைச்சுக் கொடுத்ததே நான்தான். தினமும் ஒரு வீட்டு வேலையை அதுக்கிட்ட சொல்லிடுவேன். அது கலைன்னு பேர் வச்சு அவருக்கு அனுப்பிடும்.”

உள்ளிருந்து உற்சாகக் குரல் கேட்டது.

“அமுதா, பிரஷ் எங்க? இன்னிக்கு ‘வெள்ளை நீர்வீழ்ச்சி’யாம். டாய்லெட்டுல!”