நேற்றைய நிலைக்கு

சட்டைப்பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. அண்ணிதான். தன் மகளின் காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி வரச்சொல்லி நேற்றிலிருந்தே நினைவூட்டிக்கொண்டிருந்தாள். சந்திரகுமார் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

வகுப்பில் போன் எடுத்தால் பாடம் நடத்தும் அரூஸ் சேருக்குப் பிடிக்காது. கண்டிக் குளத்துக்கு மேலே இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் இன்று கடைசி நாள். ஒரே பெரிய சேர்வருக்குள் பல கணினிகளை, ஒரே லயத்து வரிசை வீடுகளில் பல குடும்பங்களைக் குடிவைப்பதுபோல் வைத்து, ஒன்றின் தொல்லை மற்றதைத் தாக்காமல் நடத்தும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது சட்டென்று பிடிபட்டதில் ஆச்சரியம் என்ன?

அவனை அனுப்பியது தேயிலைக் கம்பனியின் கண்டி அலுவலகம். அங்கே அவன் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாகிவிட்டால் டவுனில் ஒரு வீடு பார்த்து, அண்ணன் ரவிகுமாரின் குடும்பத்தையும் அழைத்து வந்துவிடலாம்.

மடுல்கெல்லப் பக்கத்தில், அதே கம்பனியின் தேயிலை ஸ்டோரில், கொழுந்து கசக்கும் ரோலர் மெஷினோடு மல்லுக்கட்டித்தான் அண்ணன் அவனைப் படிக்க வைத்தான். அந்த மெஷினடியிலிருந்து அண்ணனை வெளியே எடுத்துவிட வேண்டும். சந்திரகுமாருக்கு வேறு ஆசை கிடையாது.

"சந்திரகுமார், ஒங்கட மெனேஜர் லைன்ல இரிக்கிறாரு" என்று அரூஸ் சேர் தன் போனையே நீட்டினார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. மெனேஜர் இராமநாதன் அவனைப் பெயர் சொல்லிக்கூட அழைத்தவரில்லை.

"தம்பி, காலையில இருந்து நம்ம சேர்வர் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணும் ஓடமாட்டேங்குது. நேத்து ராத்திரி எடுத்த ஸ்னாப்ஷொட் இருக்குல்ல, அதுக்குத் திருப்பிருங்க. அங்க இருந்தே செய்யலாந்தானே?"

ஸ்னாப்ஷொட் என்பது கணினி ஒரு நேரத்தில் எப்படி இருந்ததோ அதை அப்படியே பிடித்து வைப்பது. அதற்குத் திரும்பினால், பிறகு வந்து சேர்ந்ததெல்லாம் இல்லாமல் போகும்.

"செய்யலாம் சேர். ஆனா இன்னைக்குக் காலையில பதிஞ்சதெல்லாம் போயிருமே. ஸ்டோருல ஆளுங்க விரல் வச்சுப் பதியிற வரவு, கொழுந்து நிறை, எல்லாம் அதுலதானே இருக்கு."

"அதெல்லாம் கையால எழுதிக்கலாம். நீங்க இத முடிங்க. பின்னேரமே உங்களப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே மேல எழுதுறேன்."

சந்திரகுமாருக்குக் காது குளிர்ந்தது. அலுவலகச் சேர்வரைத் திரையில் திறந்தான். வகுப்பில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் கூடினார்கள்.

"மொதல்ல இப்ப இரிக்கிற நெலமைய ஒரு கொப்பி எடுத்து வைங்க தம்பி" என்றார் அரூஸ் சேர். "அது இல்லாம கை வெக்க வாணாம். பொறகு தலகீழா நிண்டாலும் எடுக்க ஏலா."

சந்திரகுமார் அதை மெனேஜரிடம் சொன்னான்.

"கொப்பி வேணாம்!" இராமநாதனின் குரல் ஏறி, உடனே இறங்கியது. "இடம் நெறஞ்சு போய்த்தானே இந்தக் கரச்சல். ஒண்ணும் மிச்சம் வைக்காமத் தொடச்சிருங்க தம்பி."

அரூஸ் சேர் உதட்டைப் பிதுக்கினார். பாடம் சொல்கிறவர் ஒருவர், படியளக்கிறவர் இன்னொருவர். இல்லாதவன் யார் பேச்சைக் கேட்பான்? சந்திரகுமார் கொப்பி எடுக்காமலே பட்டனை அழுத்தினான்.

சேர்வர் அணைந்தது. மறுபடி எழுந்து, நேற்று இரவு இருந்தபடியே வந்து நின்றது. வகுப்பே கை தட்டியது.

"கெட்டிக்காரன்" என்றார் மெனேஜர். அவர் நீளமாக மூச்சு விட்டது போனில் கேட்டது.

இந்தச் சந்தோஷத்தை முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்ததும் சந்திரகுமார் வராந்தாவுக்கு ஓடிவந்து தன் போனுக்கு உயிர் கொடுத்தான். எண்ணை அழுத்துவதற்குள் அண்ணியே அழைத்துவிட்டாள்.

"சப்பாத்து வாங்கிட்டுத்தான் அண்ணி வருவேன். அண்ணன்கிட்ட போனக் குடுங்க, ஒரு நல்ல செய்தி..."

மறுமுனையில் லயமே சேர்ந்து அழும் சத்தம் கேட்டது.

"அண்ணன் போயிட்டாரு தம்பி! காலையில ரோலர்ல கை மாட்டி, ஆளையே இழுத்துருச்சு. எத்தன வாட்டி உங்களுக்கு அடிச்சேன்..."

சந்திரகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டான். கீழே குளத்தோரம் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

"தம்பி, கேக்குதா? இப்ப ஸ்டோரப் பாக்குற டீமேக்கர் ஐயா என்ன சொல்றாரு தெரியுமா? அண்ணன் இன்னைக்கு வேலைக்கே வரலையாம். குடிச்சிட்டு சும்மா உள்ள பூந்துட்டாராம். கம்பனி பொறுப்பில்லையாம். கம்பியூட்டர்ல பேரே இல்லன்னு இப்பத்தான் எல்லாருக்கும் காட்டுனாங்க."

அவன் சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரே நம்பிக்கையாக அவனைக் கேட்டாள்.

"கம்பியூட்டர் பாக்குறது நீங்கதானே தம்பி... அண்ணன் காலையில விரல் வச்சத எடுத்துக் காட்டுங்க!"