மூலைக் கட்டம்

அன்று விவாதத்துக்கு வந்தவர்கள் நான்கு பேரா ஐந்து பேரா என்பது இப்போது அவளுக்கே சந்தேகம். யார் முதலில் பேசினார்கள் என்பதும் மாறி மாறித்தான் நினைவுக்கு வருகிறது. அன்றைய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்று காலையில்தான் போரை விரிவுபடுத்துவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். ஆற்றோடு நின்றிருந்த படை இனி ஆற்றைத் தாண்டும். மதியத்துக்குள் தொலைக்காட்சி நிலையத்தில் கட்சிக்காரர்களைக் கூட்டிவிட்டார்கள்.

அவளுக்கு இடம் திரையின் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள். காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள். கறுப்புச் சட்டை, பின்னால் வெறும் சுவர். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ‘கட்டத்தக்கா’.

அவள் தம்பி அந்தப் படையோடு ஆற்றங்கரையில் இருந்தான்.

அப்பாவுக்கு அது தெரியாது.

அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தையல் கடையில் உட்கார்ந்தபடி மகளின் நிகழ்ச்சியை ஒன்றுவிடாமல் பார்ப்பார். முடிந்த கையோடு கைபேசியில் வீடியோ அனுப்புவார்: இன்றைக்கு ‘வரி’ என்ற சைகை சரியாக வரவில்லை, விரலை நன்றாக மடக்கு.

முந்தைய போரில் கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவர். அதனால் தம்பிக்குத் துறைமுகத்தில் மீன் கிடங்கில் வேலை என்று அக்காவும் தம்பியும் சொல்லி வைத்திருந்தார்கள். கிடங்கில் குளிருமே என்று உள்ளே பஞ்சு வைத்து ஒரு சட்டை தைத்து அனுப்பியிருந்தார் அப்பா.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்கக்கா. உங்க மூஞ்சியப் பாத்தா நாம ஏற்கெனவே தோத்துட்ட மாதிரி இருக்கு” என்றார் கேமராக்காரர்.

முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அவளுடைய கவலை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நம் வீரர்கள் தாண்டட்டும், உலகம் பார்க்கட்டும் என்றார் ஆளுங்கட்சிக்காரர்.

எதிர்க்கட்சிக்காரர் முடிவை ஆதரித்தார். எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும், கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லையே என்று முறுக்கிக்கொள்ளும் மாமன் மாதிரி, குறைப்பட்டார்.

முதலில் போகும் வீரர்களில் கொஞ்சம் சேதம் இருக்கத்தான் செய்யும் என்றார் ஓய்வுபெற்ற தளபதி. ‘கொஞ்சம்’ என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்ட வேண்டும். நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வேண்டாம் என்று சொன்ன ஒரே ஒரு அம்மாள் மேல் மற்றவர்கள் பாய்ந்தார்கள். பலர் ஒரே நேரத்தில் கத்தினால், எல்லோரும் கத்துகிறார்கள் என்று ஒரே சைகையில் முடித்துவிடலாம். அந்த நிகழ்ச்சியில் அவளுக்குக் கிடைத்த ஓய்வு அதுதான்.

மறுபடியும் வீரர்கள். வீரர்கள் தயார். வீரர்கள் திரும்பாவிட்டாலும் வரலாறு அவர்களை மறக்காது.

அவள் முகம் கல்லாக இருந்தது.

விளக்கு அணைந்தது. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டாள்.

கேமராக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். “ஏக்கா, வீரர்னா துப்பாக்கி புடிச்ச மாதிரி நெஞ்சுகிட்ட ரெண்டு கையும் வைப்பீங்களே? இன்னிக்கி ஒவ்வொரு தடவையும் புருவத்துல கோடு போட்டீங்க. மாத்திட்டாங்களா?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

சைகையில் பேசும் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. சின்ன வயதில் விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்ட தம்பிக்கு அப்பா வைத்த பெயர், புருவத்தில் ஒரு கோடு.

அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

கைபேசி அதிர்ந்தது. வீடியோவில் அப்பா எந்தத் திருத்தமும் சொல்லவில்லை. புருவத்தில் விரலை இழுத்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் கேட்டார்: எந்த ஆறு?

ஆளுங்கட்சிக்காரர் அமைச்சரானார். எதிர்க்கட்சிக்காரர் அந்தக் கட்சியிலேயே போய்ச் சேர்ந்தார். வேண்டாம் என்ற அம்மாளை அதன் பிறகு யாரும் விவாதத்துக்குக் கூப்பிடவில்லை. கேமராக்காரரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. அவள் அதே கட்டத்தில் இருக்கிறாள். அப்பா அதைப் பார்ப்பதில்லை.

தம்பி வந்துவிட்டான், வலது கை இல்லாமல். அவன் சொல்வதில் பாதிதான் அப்பாவுக்குப் புரிகிறது.