யார் போட்ட போன்?

"போன் போட்டது நீங்கதானே?"

"இல்லை சார்."

"அந்த வால்வு விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான், இன்னொண்ணு நீங்க. நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்குவேனா?"

முதலாளி கேட்டதில் நியாயம் இருந்தது. பாலைப் பரிசோதிக்கும் லேப் மேடத்துக்கும் அது புரிந்தது. பால் கம்பெனியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்று காலைதான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், ஒரு போன் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து, குழாய்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்கு சீல் வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பத்து நாளைக்கு முன்பே அவள் ஒரு வால்வைக் கழற்றி இவரிடம் காட்டியிருந்தாள். ரப்பர் வளையத்துக்கு அடியில் வழவழவென்று ஒரு படலம்.

"கிருமிங்க கூடு கட்டிக் குடியேறிடுச்சு சார். குழாயில எவ்வளவு சுடுதண்ணி விட்டாலும் இதுக்கு உறைக்காது. காய்ச்சின பால்ல திரும்பக் கலந்துடும். ரெண்டு நாள் நிறுத்திட்டு எல்லா வளையத்தையும் மாத்திடலாம்."

"ரெண்டு நாள் நிறுத்தினா கடைக்காரன் அடுத்த கம்பெனிப் பாலை அடுக்கிடுவான். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதிகாரிகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஒருநாள் நம்பரைக்கூட அழுத்தினாள். மணி அடிக்கும் முன்பே கை தானாகப் போனை வைத்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தன்னைவிடத் தைரியசாலி என்பதில் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் பழி மட்டும் அவள் தலையில் வந்து விடிந்தது.

"நாளையிலேர்ந்து வரவேண்டாம். காட்டிக் கொடுத்தவங்களை வேற எந்தப் பால் கம்பெனியும் வாசப்படி ஏற விடாது. அதுக்கு நான் பொறுப்பு."

வெளியே வந்தபோது, பாக்கெட் போடும் பெண்கள் அவளைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வேலையும்தானே போய்விட்டது.

சாயங்காலம்தான் கைப்பையில் லேப் சாவி இருப்பதைக் கவனித்தாள். கம்பெனியோ பூட்டிக் கிடக்கிறது. திருட்டுப் பட்டமும் சேர்ந்துவிடப் போகிறதே என்று முதலாளி வீட்டுக்கே போனாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. "உள்ளே வாங்க" என்று உட்காரவைத்து, காபி கொண்டுவந்து நீட்டினாள்.

சோபாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவங்களுக்குக் காபி ஒரு கேடா?"

மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேப் மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். குடிக்க மனம் வரவில்லை.

"பயப்படாமக் குடிங்கம்மா. நம்ம கம்பெனிப் பால் இல்லை. பத்து நாளா இவரே வீட்டுக்கு வேற பால்தான் வாங்கிட்டு வர்றார்."

முதலாளி சட்டென்று நிமிர்ந்தார். "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

மனைவி குரலை உயர்த்தவே இல்லை.

"நம்ம பாலுக்கு என்ன ஆச்சுன்னு உங்களைத் தினமும் கேட்டேன். நீங்க சொல்லலை. அதான் அந்த உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன்."