லாரியை முதுகில் ஏற்றுகிறவன்

தி.நகர் அலுவலகத்தில் கணினி இரைகிறது, திரை உறைந்து கிடக்கிறது. துப்புரவுப் பெண்களின் வருகைப்பதிவுக் கோப்பை வரிவரியாகப் படிக்கும்படி புஷ்ரா நிரல் எழுதியிருந்தாள். வேகமாக முடியும் என்று மேலாளர் சாய்சரண் அதை மாற்றி, மொத்தக் கோப்பையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றிவிட்டான். பன்னிரண்டுக்குள் பதிவாகாவிட்டால் அத்தனை பேருக்கும் ஆப்சென்ட். வாசல் வெயிலில் துடைப்பங்களோடு நிற்கிறார்கள். "பெரிய மெஷின் வாங்கணும்," என்கிறான் சாய்சரண். "எங்க அத்தா லாரிலேர்ந்து ஒவ்வொரு மூட்டையாத்தான் எறக்குவாரு. நீங்க லாரியவே முதுகுல ஏத்திட்டு, முதுகு சரியில்லன்றீங்க," என்கிறாள் புஷ்ரா. வாசலிலிருந்து ஒருத்தி கத்துகிறாள்: "இன்னா பாப்பா, நாங்க வந்தோமா, இல்லியா?" புஷ்ரா அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவன் எழுதியதை அழித்து, தன்னுடையதை ஓடவிடுகிறாள். ஒவ்வொரு பெயராகத் திரையில் ஏறுகிறது. பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஆப்சென்ட்.