அடித்துணி

கையை முழங்கை வரை பெட்டிக்குள் விட்டுத் துழாவியபோதுதான் அது விரலில் தட்டுப்பட்டது.

அடியில் கிடந்த பழைய துணியின் முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தார்கள்.

அவள் பூஜை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் அண்ணன் பந்தல்காரனைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார். நாளை சண்பகவடிவுக்குப் படையல். அதற்காகத்தான் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

சண்பகவடிவு, தாத்தாவின் அக்கா. கல்யாணம் ஆகாமல் பத்தொன்பது வயதில் செத்துப்போனவள். அதனால் இந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். வருடா வருடம் புதுச்சேலை, வளையல், ரிப்பன் வாங்கி இந்தப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். போன வருடத்துச் சேலையை வீட்டுப் பெண்பிள்ளைகள் உடுத்திக்கொள்வார்கள்.

அண்ணன் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார். விவரம் சேர்க்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஆறு மாதமாகக் கல்யாண வீடு, துக்க வீடு ஒன்று விடாமல் போய்ச் சொந்தக்காரர்களைக் குடைந்தெடுத்தாள். எல்லாம் ஒத்துப்போனது, இந்த ஒருத்தியின் சாவைத் தவிர. புளியங்குடிச் சித்தி பாம்பு கடித்தது என்றாள். கடையநல்லூர் மாமா விஷக்காய்ச்சல் என்றார். இன்னொருவர் கிணறு என்று ஆரம்பித்து, காபி ஆறுகிறது குடி என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஒருத்தி எத்தனை தடவைதான் சாவாள்?

முடிச்சை அவிழ்த்தாள்.

தாலி.

கன்னித் தெய்வத்தின் பெட்டியில் தாலி.

மஞ்சள் கயிறு கறுத்துப்போயிருந்தது. கட்டியபோது போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. கயிறு வேறு இடத்தில் அறுபட்டிருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவர்கள் வீட்டுப் பெண்கள் கட்டுகிற தாலி இல்லை. பிறையாக வளைந்து, கீழே இரண்டு பொட்டு வைத்தது.

இதை அவள் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் மகள் சண்பகா ஒரு போட்டோ அனுப்பினாள். கன்னியின் பெயரையே வைத்த பிள்ளை, கோயம்புத்தூரில் வேலை. "இவனைத்தாம்மா கட்டிக்கப் போறேன்" என்று எழுதியிருந்தாள். பையன் பக்கத்தில் அவன் அம்மா. இவள் பையனின் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த அம்மாவின் கழுத்தைத்தான் பார்த்தாள். என்ன ஆட்கள் என்று தெரிய வேண்டாமா?

தெரிந்தது. போட்டோவை அழித்தாள். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

அதே பிறை. அதே இரண்டு பொட்டு.

பக்தியில் கும்பிடவில்லை இவர்கள். செய்ததற்குப் பயந்து கும்பிட்டிருக்கிறார்கள், எண்பது வருடமாக.

மகள் இன்று சாயங்காலம் பஸ் ஏறுவாள்.

"பெட்டிய ஒதுங்க வச்சிட்டியா?"

அண்ணன் வாசலில் நின்றார். அவள் கையை மூடிக்கொண்டாள்.

"அடியில கெடக்க துணிய மட்டும் எடுத்திராத. அது அங்கனயே கெடக்கணும்னு அப்பா சொல்லியிருக்காவ."

சாதாரணமாகத்தான் சொன்னார். கையிலிருந்த பையைப் பிரித்து அரக்கு நிறச் சேலைகளை எடுத்தார். ஒரே மாதிரி இரண்டு. வருடா வருடம் ஒன்றுதான் வாங்குவார்.

"ஒண்ணு சாமிக்கி. ஒண்ணு நம்ம பிள்ளைக்கி. சண்பகா எந்த பஸ்ல வாரா? நானே போயி கூட்டிட்டு வாரேன்."

எந்த வருடமும் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதில்லை.

"அவளுக்கு லீவு கெடைக்கலயாம்ண்ணே." குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "இந்த வருசம் வரலயாம்."

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மூடியிருந்த கையைப் பார்த்தார்.

குனிந்து, இரண்டு சேலைகளையும் பெட்டிக்குள் வைத்தார்.